99 வருடம் என்றால் 'எப்போதும்' என்று அர்த்தமா?

2017 ஜூன் மாதம். சிங்கப்பூரில் கேலாங் லோரோங் 3-ல் இருந்த 191 வரிசை வீடுகளின் சொந்தக்காரர்களுக்கு அரசிடமிருந்து செய்தி வந்தது. 60 வருடக் குத்தகை 2020 டிசம்பர் 31-ல் முடிகிறது, நிலத்தை ஒப்படைக்க வேண்டும், இழப்பீடு கிடையாது. 1958-ல் கம்போங் கூ சாய் தீவிபத்தில் வீடிழந்தவர்களுக்காகக் கட்டிய வீடுகள் அவை. அந்த நாட்டில் குடியிருப்புக் குத்தகை ஒன்று முழுசாக ஓடி முடிந்து நிலம் அரசுக்கே திரும்பியது அதுதான் முதல் தடவை.

இதில் அதிர்ச்சி அடைய என்ன இருக்கிறது? பத்திரத்தில் எழுதியிருந்த தேதிதானே! ஆனாலும் ஊரே அதிர்ந்தது. காரணம், சிங்கப்பூர்வாசிகளில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டவர்கள் குடியிருப்பது அரசின் வீடமைப்புக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில். 1964 முதல் அவை விற்கப்படுவதும் 99 வருடக் குத்தகையில்தான்.

குத்தகை நிலம் தேய்கிற வேகம்தான் மனதை ஏமாற்றுகிறது. அந்நாட்டு நில ஆணையம் 'பாலா அட்டவணை' என்று ஒன்றை வைத்திருக்கிறது. முழு உரிமை நிலத்தின் மதிப்பு 100 என்றால், 99 வருடம் பாக்கியுள்ள நிலம் 96. 60 வருடம் பாக்கி என்றால் 80. 30 வருடம் என்றால் 60. அதாவது முதல் 39 வருடத்தில் கரைவது வெறும் 16 பங்கு. கடைசி 30 வருடத்தில் 60 பங்கு! பொதுவாக நில விலையே ஏறிக்கொண்டிருந்த காலத்தில் அந்த 16 யார் கண்ணிலும் படவில்லை. இதுவரை ஏறியது இனியும் ஏறும் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள்.

வாங்கியவர்கள் எல்லாம் விவரம் தெரியாதவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. பிரிட்டன், சிங்கப்பூர் விலைகளை வைத்து ஜிக்லியோ, மஜ்ஜோரி, ஸ்ட்ரோபெல் மூவரும் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், 100 வருடக் குத்தகை வீடுகள் முழு உரிமை வீடுகளைவிட 10 முதல் 15 சதவீதம் குறைவாகவே விலை போனது தெரிந்தது. பேரன் காலத்து நஷ்டத்தையும் மனிதர்கள் எண்ணிப் பார்க்கிறார்கள்!

பிறகு எங்கே இடறியது? 'செர்ஸ்' என்ற திட்டத்தில். 1995-ல் வந்தது. அரசு சில பழைய பிளாக்குகளைத் தேர்ந்தெடுத்து இடிக்கும். குடியிருந்தவர்களுக்கு இழப்பீடும், புதிய 99 வருடக் குத்தகையில் வேறு வீடு வாங்கும் வாய்ப்பும் தரும். அப்படிக் கிடைத்தவர் கதை எல்லோர் காதிலும் விழுந்தது. கிடைக்காதவருக்கு ஏது கதை? சுலபமாக நினைவுக்கு வருவதையே அடிக்கடி நடப்பதாக மனம் எடுத்துக்கொள்ளும் என்று ட்வெர்ஸ்கியும் கானமனும் 1973-லேயே எழுதியிருந்தார்கள். லாட்டரிச் சீட்டு வாங்குவது போலப் பழைய வீடுகளுக்குக் கூடுதல் விலை கொடுத்தார்கள்.

2017 மார்ச்சில், அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த லாரன்ஸ் வோங், அதுவரை செர்ஸுக்குத் தேர்வானவை 4 சதவீத வீடுகள்தான் என்று எச்சரித்தார். கேலாங் செய்தி வந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து.

சீட்டு விழுந்தவர்களுக்கும் எல்லாம் சுபமாக முடியவில்லை. 2022 ஏப்ரலில் அங் மோ கியோவில் 40 வயது தாண்டிய நான்கு பிளாக்குகளுக்கு செர்ஸ் வந்தது. கிடைக்கும் இழப்பீடு அதே அளவுள்ள புது 99 வருட வீட்டுக்குப் போதாது, கைக்காசு போட வேண்டும் என்று தெரிந்ததும் குடியிருப்பாளர்கள் கொதித்தார்கள். 80 மதிப்புள்ள சரக்கைக் கொடுத்து 96 மதிப்புள்ளதை வாங்குகிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த ஜூலையில் வீடமைப்புக் கழகம் இன்னொரு வழி சொன்னது: மாற்று வீட்டை 50 வருடக் குத்தகைக்கும் எடுத்துக்கொள்ளலாம்.