இரண்டாவது இனிஷியல்

போன வாரம் பேரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பொறியியல் மூன்றாம் ஆண்டு. ஏதோ ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு முதன்முறையாக 12 வரி நிரல் எழுதி அனுப்பியிருக்கிறான். அதைச் சரிபார்க்கும் மனிதர் பதிலுக்கு 11 கேள்வி கேட்டுவிட்டாராம். "சும்மா நோண்டுறார் தாத்தா. வேலை செய்யுதில்ல, சேர்த்துக்க வேண்டியதுதானே" என்றான்.

ஓப்பன் சோர்ஸ் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நிரலைப் பூட்டி வைக்காமல் எல்லோரும் படிக்கக் கொடுத்துவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். ஆனால் பொறுப்பில் இருப்பவர் படித்துப் பார்த்து, சரி என்றால்தான் உள்ளே சேரும். எங்கள் வங்கியில் கிளார்க் வவுச்சர் எழுதுவார், அதிகாரி இனிஷியல் போடுவார். அதே கதைதான்.

அவனுக்கு ஹார்ட்பிளீட் கதையைச் சொன்னேன். 2014-ல் பத்திரிகையில் படித்ததிலிருந்து எனக்கு மறக்காத கதை.

ஓப்பன்எஸ்எஸ்எல் என்று ஒரு மென்பொருள். 1998-ல் தொடங்கியது. இணையத்தில் நாம் கடவுச்சொல் போடும்போது நடுவில் யாரும் படித்துவிடாமல் மறைத்து அனுப்புவது அதன் வேலை. உலகத்தின் வங்கிகளும் கடைகளும் அரசாங்கங்களும் அதை நம்பியிருந்தன. ஆனால் அதில் முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். நன்கொடையாக வந்த பணம் ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர். கோவில் உண்டியலில் இதைவிட அதிகம் விழும்.

ஜெர்மனியில் ஓர் ஆய்வு மாணவர் அதற்கு ஒரு புது வசதி எழுதிக் கொடுத்தார். அதற்கு முன்பே சில பிழைகளைத் திருத்திக் கொடுத்தவர்தான். வசதி எளிமையானது. ஒரு கணினி மற்றொன்றிடம், "இருக்கிறாயா? இந்தச் சொல்லைத் திருப்பிச் சொல். அதில் இத்தனை எழுத்து" என்று கேட்கும். அது திருப்பிச் சொல்லும். ஒரே ஒரு எழுத்தை அனுப்பிவிட்டு, "இதில் 64,000 எழுத்து" என்று பொய் சொன்னால்? எழுத்தை எண்ணிப் பார்க்கும் வரியை மாணவர் எழுத மறந்துவிட்டார். கணினி கேட்ட அளவுக்குத் தன் நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததையெல்லாம் வாரிக் கொடுத்தது. அதில் அடுத்தவரின் கடவுச்சொல்லும் இருக்கும், ரகசியச் சாவியும் இருக்கும்.

அந்த ஒரே முழுநேர ஊழியர்தான் அதைச் சரிபார்த்துச் சேர்த்தார். அவர் கண்ணிலும் படவில்லை. சேர்த்த நாள் 2011 டிசம்பர் 31, இரவு பதினொன்றை நெருங்கும் நேரம். 2012 மார்ச்சில் வெளியானது. 2014 ஏப்ரல் 7 அன்றுதான் உலகத்துக்குத் தெரிந்தது. கூகுளில் நீல் மேத்தா என்பவரும், தனியாக ஒரு பின்லாந்து நிறுவனத்தாரும் கண்டுபிடித்திருந்தார்கள். அதற்குள் இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. கனடா வருமான வரித் துறையிலிருந்து சுமார் 900 பேருடைய அடையாள எண்கள் களவு போயின. திருத்தம் என்னவோ சில வரிகள்தான். திட்டத்தோடு செய்தார் என்று பலர் அந்த மாணவரைத் தூற்றினார்கள். அவர் ஒளியவில்லை. கவனக்குறைவு என்று வெளிப்படையாகச் சொன்னார்.

புதியவர்களையே சந்தேகப்பட வேண்டும் என்றும் சொல்ல முடியாது. எக்ஸ்இசட் என்ற மென்பொருளில் ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர் இரண்டு ஆண்டுக்கும் மேல் ஒழுங்காக உழைத்து, களைத்துப் போயிருந்த பொறுப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, 2024-ல் கள்ளக் கதவு வைத்தார். உள்நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் துருவியதால்தான் அது பிடிபட்டது. நோண்டுகிற ஆள் என்றால் அவர்தான்.

டிசம்பர் 31 இரவு என்று படித்தபோதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தக் காலத்தில் வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு அன்றுதான். லெட்ஜரும் டீயும் கொசுக்கடியுமாக நள்ளிரவு தாண்டும். அப்படி ஒரு இரவில், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன ஒரு பையன் டிரான்ஸ்ஃபர் வவுச்சர்களைக் கட்டாகக் கொண்டுவந்து வைத்தான். நான் மடமடவென்று இனிஷியல் போட்டேன். ஒன்றில் எழுத்தில் ஐயாயிரத்து நானூறு, எண்ணில் 54,000. பற்றிலும் வரவிலும் அதே 54,000 ஏறியதால் கணக்கு டேலி ஆகிவிட்டது. தவறு தெரிவதற்குள் வாடிக்கையாளர் பணத்தை எடுத்துவிட்டார். திரும்ப வாங்க ஐந்து மாதம் ஆயிற்று. பையனுக்கு மெமோ வந்தது. பிறகு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனான்.

பேரன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு அந்த 11 கேள்விகளையும் திரும்ப எடுத்துப் பார்த்தான். மூன்றாவது கேள்வி, யாராவது காலியான பெயரைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது. அவன் ஓட்டிப் பார்த்தான். நிரல் விழுந்துவிட்டது. இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து திருத்தினான். அனுப்பாதே, காலையில் ஒருமுறை படித்துவிட்டு அனுப்பு என்றேன்.

மடிக்கணினியை மூடும்போது கேட்டான்: "தாத்தா, அந்த மெமோவுல உங்க பேரும் இருந்துச்சா?"

இல்லை என்றேன்.