தொடக்கநிலை ஆங்கிலத் தேர்வும் சான்றிதழும்: மானியம், வேலை, எல்லை – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தின் முதற்படியை மட்டும் அறிந்தவரைச் சோதித்துச் சான்று வழங்கும் முறை, இன்றைய பன்னாட்டுத் தேர்வு நிறுவனங்களோடு தோன்றியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அதற்கு முன்னோடிகள் உண்டு. பள்ளிக்கு மானியம் வழங்கவும், அரசு வேலைக்கு ஆள் தேரவும், கடல் கடந்த நாட்டின் எல்லையில் ஆளைத் தடுக்கவும் அத்தகைய சோதனைகள் பயன்பட்டன. இம்மூன்றிலும் அளவுகோலைத் தீர்மானித்தது தேர்வெழுதியவரின் தேவையன்று. தேர்வு வைத்தவரின் தேவையே என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: தொடக்கநிலை ஆங்கிலம், முடிவுவழி மானியம், எஸ்.எஸ்.எல்.சி., நேட்டால் சட்டம், மொழித்தேர்வு, கரிசல் வட்டாரம்

முன்னுரை

ஆங்கிலேயர் கால ஆவணங்கள் சங்கரநயினார்கோவில் என்று குறிக்கும் சங்கரன்கோவில் வட்டத்தில் அமைந்திருந்த கரிசல் நிலத்து ஜமீன் ஊர் இளையரசனேந்தல். 2008இல் இதன் குறுவட்டம் தூத்துக்குடி மாவட்டக் கோவில்பட்டி வட்டத்தோடு சேர்க்கப்பட்டது. இவ்வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுமொழி தெலுங்கு. ஊர்ப்பொதுமொழியும் பள்ளிமொழியும் தமிழ். அக்குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழியாகவே வந்து சேர்கிறது. வீட்டிலும் வயலிலும் சந்தையிலும் ஒலிக்காத மொழியொன்றில் ஒருவர் எவ்வளவு தேர்ந்துள்ளார் என்று அளக்கும்போது, அவ்வளவை எதற்காக, யாருக்காக என்னும் வினா எழுவது இயல்பு. இவ்வினாவைக் கொண்டு தொடக்கநிலை ஆங்கிலத் தேர்வின் வரலாற்றை இக்கட்டுரை அணுகுகிறது.

சான்றிதழ் அறியாத கல்வி

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிவைத்த கணக்கெடுப்பு, மாகாணத்தில் 12,498 நாட்டுப் பள்ளிகள் இருந்தனவாகக் காட்டியது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியும் நீதிநூல்களும் மனப்பாடத்தாலும் மணலெழுத்தாலும் ஏட்டெழுத்தாலும் பயிற்றப்பட்டன. அங்கும் சோதனை இருந்தது. ஒப்புவித்தல் நாள்தோறும் நடந்தது. ஆனால் சான்றிதழ் இல்லை. கணக்கு எழுதவும் ஓலை படிக்கவும் வல்லவர் என்பதற்கு ஊரே சாட்சி. கற்றவரும் அவர் கல்வியைப் பயன்கொள்வோரும் ஒரே சமூகத்தில் வாழ்ந்ததால் இடைநின்று உறுதியளிக்கும் தாள் தேவைப்படவில்லை. தொலைவிலுள்ள அரசு, அறியாத ஆளை வேலைக்கு எடுக்க முற்பட்டபோதுதான் அத்தாளின் தேவை பிறந்தது. 1844 அக்டோபரில் ஆளுநர் நாயகம் ஹார்டிஞ்ச் வெளியிட்ட தீர்மானம், அரசு வேலைகளில் ஆங்கிலக் கல்வி பெற்றோர்க்கு முன்னுரிமை உண்டு என்று அறிவித்தது. மொழியறிவு அதன்பின் ஊதியத்தோடு பிணைக்கப்பட்டது.

மானியத்திற்கான தேர்வு

1854இல் வெளிவந்த உட்டின் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு உதவிநிதி அளிக்கும் முறையைப் பரிந்துரைத்தது. இங்கிலாந்தில் ராபர்ட் லோ 1862இல் நடைமுறைப்படுத்திய திருத்த விதித்தொகுப்பு, மாணவர் தேர்ச்சியைக் கணக்கிட்டுப் பள்ளிக்குப் பணம் தந்தது. அதே கொள்கை 1860களின் நடுப்பகுதியிலிருந்து சென்னை மாகாணத் தொடக்கப் பள்ளிகளிலும் முடிவுவழி மானியம் என்ற பெயரில் பரவியது. 1882இல் அமைக்கப்பட்ட ஹண்டர் ஆணைக்குழுவும் தொடக்கக் கல்வியில் இக்கொள்கையை ஆதரித்தது.

இம்முறையில் ஆய்வாளர் முன் நின்று படித்துக் காட்டியவன் மாணவன். பலன் பெற்றது பள்ளி நிருவாகம். பணமாக மாறத்தக்கவை மட்டுமே பாடமாகும் நிலையை இது உருவாக்கியது. வாய்விட்டுப் படித்தல், சொல்வதெழுதுதல் ஆகியவற்றை ஒரே நாளில் எளிதாக அளக்க முடியும். பேச்சையும் புரிதலையும் அவ்வாறு அளக்க இயலாது. பொருளறியாமல் ஆங்கில வாசகத்தைப் பிழையின்றி ஒப்புவிக்கும் வழக்கத்தை மாணவரின் சோம்பலாகக் கருதுவது பொருந்தாது. தேர்வு எதை மதித்ததோ அதையே வகுப்பறை வளர்த்தது.

தொடக்கநிலைத் தேர்வில் ஆங்கிலம் இடம்பெற்றிருந்தமைக்குக் கணிதமேதை இராமானுசன் வாழ்க்கையும் சான்று தருகிறது. 1897 நவம்பரில், பத்து வயது நிறைவதற்குச் சற்று முன்பு, அவர் ஆங்கிலம், தமிழ், புவியியல், கணக்கு ஆகிய பாடங்களில் தொடக்கநிலைத் தேர்வெழுதி மாவட்டத்தில் முதலிடம் பெற்றார். அதே இராமானுசன் பின்னர்க் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறியதால் உதவித்தொகையை இழந்தார். ஒருவருக்குக் கதவைத் திறந்த தேர்வே மறு கட்டத்தில் கதவை அடைத்தது என்பது இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படும் போக்கு.

1904ஆம் ஆண்டின் இந்தியக் கல்விக் கொள்கைத் தீர்மானம், கர்சன் ஆட்சிக் காலத்தில் வெளிவந்தது. தேர்வின் மிகையாட்சியைக் கண்டித்த இத்தீர்மானம் முடிவுவழி மானியத்தைக் கைவிடும் திசையைக் காட்டியது. தாய்மொழியில் அடித்தளம் உறுதிப்பட்ட பின்னரே குழந்தை ஆங்கிலம் கற்கத் தொடங்கவேண்டும் என்றும் வலியுறுத்தியது. எனினும் வேலைச்சந்தை ஆங்கிலச் சான்றைக் கேட்டுக்கொண்டிருந்தவரை பெற்றோர் அவ்வறிவுரையை ஏற்பதற்குக் காரணம் குறைவு.

வேலைக்கான சான்று

1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வு, கல்லூரி நுழைவுக்காக அமைந்தது. நடைமுறையில் அது எழுத்தர் வேலைக்கான அளவுகோலாயிற்று. அதன் இடத்தை நிரப்ப 1911இல் எஸ்.எஸ்.எல்.சி. என்னும் பள்ளியிறுதிச் சான்றிதழ்த் தேர்வு நடைமுறைக்கு வந்தது. பொதுத்தேர்வு மதிப்பெண்ணோடு பள்ளிக்கால மதிப்பெண்ணையும் பதியும் சான்றிதழ்ப் புத்தகம் இதன் சிறப்பு. ஆங்கிலம் கட்டாயப் பாடம்.

இத்தேர்வுகளின் சமூக ஆற்றலைக் காட்டும் சிறு சான்று பேச்சுவழக்கிலேயே உள்ளது. ‘மெட்ரிக் ஃபெயில்’, ‘எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயில்’ ஆகிய தொடர்கள் நெடுங்காலம் இழிவுச் சொற்களாக அன்றி, ஓரளவு ஆங்கிலம் அறிந்தவர் என்பதைக் குறிக்கும் தகுதிச் சொற்களாகவும் வழங்கின. தேர்ச்சி, தோல்வி என்னும் இரண்டே பெட்டிகளைக் கொண்ட தேர்வு, இடைநிலையிலுள்ள தொடக்க அறிவுக்குப் பெயரிடத் தவறியது. சமூகம் அதற்குத் தானே ஒரு பெயர் சூட்டிக்கொண்டது.

இத்தேர்வுகள் தடைகள் மட்டுமே என்று முடிவுசெய்வதும் சரியாகாது. ஊரில் நிலமோ, கச்சேரியில் உறவினரோ இல்லாத ஒருவர், பரிந்துரைக்கு மாற்றாக நீட்டத்தக்க ஒரே ஆவணம் சான்றிதழே. பிறப்பு வழங்காத இடத்தைத் தாள் வழங்கும் என்ற நம்பிக்கை, கரிசல் ஊர்களின் பள்ளிக்கல்வி வரலாற்றில் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று.

எல்லையில் வைக்கப்பட்ட தேர்வு

மொழித்தேர்வின் வேறொரு முகம் கடல் கடந்த தமிழர் வரலாற்றில் வெளிப்படுகிறது. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. அப்போது எவரும் அவர்களுடைய ஆங்கிலத்தைச் சோதிக்கவில்லை. இந்திய வணிகரும் தம் செலவில் வந்த பயணிகளும் பெருகிய பின், 1897இல் நேட்டால் அரசு குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. அதிகாரி கேட்டால், பெயர், பிறப்பிடம், தொழில் முதலியவற்றைக் கொண்ட விண்ணப்பத்தை ஐரோப்பிய மொழியொன்றின் எழுத்துகளில் தம் கையால் எழுதி ஒப்பமிட வேண்டும்; இயலாதவர் தடைசெய்யப்பட்ட குடியேறியாவார்.

கேட்கப்பட்டது தொடக்கநிலை எழுத்தறிவே. ஆனால் அரசு ஏற்ற திட்டத்தின்கீழ் கொண்டுவரப்படுவோருக்கு இச்சட்டம் பொருந்தாது என்ற விலக்கும் உடனிருந்தது. கரும்புத் தோட்டத்தில் உழைக்க வருபவருக்கு ஆங்கிலம் வேண்டா. கடைவைக்க வருபவருக்கு வேண்டும் என்பதே இதன் பொருள். தமிழிலோ குசராத்தியிலோ பெற்ற எழுத்தறிவு எழுத்தறிவாகவே எண்ணப்படவில்லை. இனத்தின் பெயரைச் சொல்லாமலே இனத்தை விலக்கும் இவ்வழியைக் குடியேற்ற நாடுகளின் அமைச்சர் ஜோசப் சேம்பர்லைன் பிற குடியேற்ற நாடுகளுக்கும் எடுத்துக்காட்டாக முன்வைத்தார். 1901இல் ஆஸ்திரேலியா கொண்டுவந்த ஐம்பது சொல் எழுதுதேர்வு இதன் தொடர்ச்சி. அது 1958வரை சட்டத்தில் நிலைத்தது.

தற்காலத்தில் ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட பொது மொழிச் சட்டகம் தொடக்க நிலைக்கு ‘ஏ1’ எனப் பெயரிட்டது. பிரித்தானியா 2010 நவம்பர் முதல், வாழ்க்கைத்துணையாக வருவோரிடம் அந்நிலையில் பேசவும் கேட்டுணரவும் வல்லவர் என்பதற்கான சான்றைக் கேட்கிறது. தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் செல்லும் துணைவர்க்கும் இது பொருந்தும். இவ்விதியைப் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2015இல் செல்லாததாக்கவில்லை. ஆனால் செலவு, பயணத்தொலைவு முதலியவற்றால் மொழி கற்பதோ தேர்வெழுதுவதோ நடைமுறையில் இயலாதவருக்கு அது உரிமைமீறலாகலாம் என்று சுட்டியது. இளையரசனேந்தல் போன்ற ஊரிலிருந்து பெருநகரத் தேர்வு மையத்திற்குச் செல்லவேண்டியவர் நிலையில் நின்று பார்த்தால் இக்கருத்தின் எடை விளங்கும்.

சான்றிதழ் நோக்கா அளவீடு

மேற்கண்ட மூன்றிலிருந்தும் வேறுபட்ட அளவீடும் இன்று உண்டு. பிரதம் அமைப்பு 2005இல் தொடங்கிய ‘அசர்’ ஆய்வு, குழந்தைகளை அவர்கள் வீட்டிலேயே சந்திக்கிறது. அதன் ஆங்கிலக் கருவி பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எளிய சொல், எளிய தொடர் எனப் படிப்படியாகச் செல்கிறது; படித்த சொல்லின் பொருளையும் கேட்கிறது. தமிழ்நாடு அரசு 2022 சூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகியவற்றில் குழந்தையின் நிலையை அரும்பு, மொட்டு, மலர் எனப் பகுக்கிறது. இங்கே நிலை என்பது விலக்கும் காரணமன்று. அடுத்து என்ன கற்பிக்கவேண்டும் என்பதற்கான குறிப்பு. அரும்பு தோற்ற மலரன்று என்பதை அப்பெயர்களே உணர்த்துகின்றன.

முடிவுரை

தொடக்கநிலை ஆங்கிலத்தை அளந்த கருவிகள் ஒன்றையொன்று பெரிதும் ஒத்தவை: சில வரிகளைப் படித்தல், சில சொற்களை எழுதுதல், தன் பெயரையும் ஊரையும் தொழிலையும் கூறுதல். ஆயினும் பள்ளியில் அது பணமாகவும், கச்சேரியில் தகுதியாகவும், துறைமுகத்தில் தடையாகவும் உருமாறியது. எனவே ஒரு தேர்வின் நியாயத்தை அதன் வினாத்தாளில் மட்டும் தேடுவது போதாது. விடையைக் கொண்டு என்ன செய்யப்படுகிறது என்பதிலும் தேடவேண்டும். மூன்றாவது மொழியாக ஆங்கிலத்தைக் கற்கும் கரிசல் ஊர்க் குழந்தையைச் சோதிக்கும் எந்த முறையும், தோற்றவருக்கு அடுத்து என்ன வழி வைத்திருக்கிறது என்பதைக் கொண்டே மதிப்பிடத்தக்கது.