கொங்கு நாவலில் பதின்பருவம்: அடிமையும் எதிர்ப்பும்

கொங்கு நாடு தொன்றுதொட்டு மேய்ச்சல் நிலம். சங்கத் தொகை நூல்களுள் பதிற்றுப்பத்தும் அகநானூறும் கொங்கரை ஆநிரை உடையோராகவே காட்டுகின்றன. முல்லைத்திணை ஆயர்க்குக் குழலையும் கொன்றையையும் மாலைப்பொழுதையும் வழங்கிற்று. ஆயின் பிறர் நிரையை ஓட்டிச் சென்ற சிறுவன் யார், எவர் வாசலில் உண்டான், எங்கு உறங்கினான் என்னும் வினாக்களுக்கு விடை கூற இலக்கியம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது.

தமிழ் வட்டார நாவலின் முன்னோடியாகப் போற்றப்படும் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வெளிவந்தது. கைம்பெண் ஒருத்தி நிலத்தில் பங்கு கேட்பதே அதன் மையம். பண்ணையத்துச் சிறாருக்கு அங்கு மையத்தில் இடமில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின்னர், திருச்செங்கோட்டுப் பகுதியில் 1966இல் பிறந்த பெருமாள்முருகன் இளையோரை நடுவில் நிறுத்தினார். 'ஏறுவெயில்' (1991) விளைநிலம் குடியிருப்பாக மாற, ஊர் பெயரும் குடும்பத்துப் பையனைக் காட்டியது. 'நிழல் முற்றம்' (1993) திரையரங்கில் சோடா விற்கும் இளைஞனைக் காட்டியது. 2000இல் வந்த 'கூளமாதாரி' ஆட்டுப்பட்டிக்கே சென்றது.

இந்நாவலின் பின்புலம் வரலாற்றோடு பிணைந்தது. கொங்கின் புன்செய் நிலங்களில் ஆழ்கிணறும் கவலை ஏற்றமுமே வேளாண்மையை நடத்தின. கவலைக்குரிய தோல் வேலையும் பண்ணைக் கூலியும் அருந்ததியர் கைகளில் இருந்தன. மின் இறைப்பான்கள் பரவியபோது தோல் வேலை நலிந்தது; பண்ணையாள் முறையோ உடனே நீங்கவில்லை. தந்தை பெற்ற முன்பணத்துக்கும் தானியத்துக்கும் ஈடாக மகன் ஆடு மேய்த்தான். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டது. சட்டம் ஏட்டில் ஏறிய பின்னரும் பட்டியில் சிறுவர் உறங்கினர்.

'கூளமாதாரி'யின் சிறார் பெயர்களே ஓர் ஆவணம் எனலாம். கூளையன், நெடும்பன், வவுறி, செவிடி, மொண்டி: குட்டை, நெட்டை, வயிறு, கேளாச் செவி, ஊனக் கால். பெற்றோர் இட்ட பெயர் மறைந்து, உடலின் அடையாளம் பெயராகிவிட்டது. ஆயினும் அப்பெயர்களாலேயே அவர்கள் ஒருவரையொருவர் அன்புடன் அழைத்துக்கொள்கின்றனர். பனங்காடும் கிணறும் அவர்களுடைய விளையாட்டுக் களம். பண்ணையக்காரர் மகன் செல்வனும் அவ்விளையாட்டில் சேர்கிறான். எனினும் எவன் ஆண்டை, எவன் ஆள் என்பதை எவரும் மறப்பதில்லை.

மேலைநாட்டு இளையோர் புனைவோடு இதனை ஒப்பிடுதல் பயனுடையது. அமெரிக்க எழுத்தாளர் சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008) வருங்காலக் கொடுங்கோன்மை ஒன்றைக் கற்பனை செய்கிறது. பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுச் சிறார் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஒருவரையொருவர் கொல்லுமாறு களத்தில் விடப்படுகின்றனர். வறிய சிறார் தானியத்துக்கும் எண்ணெய்க்குமாகத் தம் பெயரைக் குலுக்கலில் மேலும் சில முறை சேர்க்கச் செய்கின்றனர். தானியத்துக்காக உயிரைப் பணயம் வைக்கும் இவ்விடத்தில் கொங்குப் புன்செய்ச் சிறுவனும் கற்பனை நாட்டுச் சிறுமியும் அருகருகே நிற்கின்றனர்.

வேறுபாடு எதிர்ப்பின் வடிவத்தில் உள்ளது. அங்கே கொடுங்கோன்மைக்கு ஒரு தலைநகரம் உண்டு, அதனை வீழ்த்தலாம். மூன்றாம் பாகத்தில் அது வீழ்கிறது. கூளையனை ஆளும் அதிகாரத்துக்கோ தலைநகரம் இல்லை. காலையில் அவனுக்குப் பழைய சோறு ஊற்றும் கையே அவனை அடிக்கும் கை. ஆகவே அவன் எதிர்ப்பும் சிறியது: தேங்காய் திருடுதல், வேலைக்கு நடுவே ஒரு பொழுதைத் தனதாக்கிக்கொள்ளுதல். தண்டனை மட்டும் சிறியதன்று. திருடியவன் கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கவிடப்படுகிறான். வெற்றி பெறாத எதிர்ப்பை எதிர்ப்பெனக் கொள்ளலாமா என்னும் வினா இங்கு எழுகிறது. தப்பிக்க வழியற்ற இடத்தில் நட்பையும் சிரிப்பையும் இழவாதிருத்தலே எதிர்ப்பின் முதற்படி என்பதை இந்நாவல் நிறுவுகிறது. வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2004இல் வெளிவந்து, இச்சிறாரைப் பிறநாட்டு வாசகரிடமும் கொண்டு சேர்த்தது.

பண்ணையம் மாறினும் பதின்பருவ உழைப்பு கொங்கை விட்டு அகலவில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்ட நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்கள் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டனர். இறுதியில் திருமணத்துக்கென ஒரு தொகை வாக்களிக்கப்பட்டது; அதுவரை விடுதியின் வாயிலைக் கடத்தற்கும் இசைவு வேண்டியிருந்தது. ஆட்டுப்பட்டிச் சிறுவனுக்கு ஒரு 'கூளமாதாரி' வாய்த்தது. விடுதியறைச் சிறுமியின் இரவுப் பணியையும், அவள் தோழியரோடு பகிர்ந்த சிரிப்பையும் அத்துணை விரிவாகப் பாட வேண்டிய கடன் கொங்குக் கவிஞர்க்கு எஞ்சி நிற்கிறது.