'செக்' என்ற சொல் வந்த வழி

நான்காம் படிவ மாணவர்களின் மொழிபெயர்ப்புத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஆங்கில வாக்கியம் சின்னதுதான். பொருள்களின் விலை ஏறிக்கொண்டே போவதை அரசாங்கம் 'செக்' செய்ய வேண்டும் என்பது அது. பாதிக்கு மேற்பட்டவர்கள் "விலை உயர்வை அரசாங்கம் சரிபார்க்க வேண்டும்" என்று எழுதியிருந்தார்கள். எழுத்துப் பிழை இல்லை, இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் பொருள் போயே போச்சு. விலை ஏறுவது சரியா என்று பார்த்துக்கொண்டிருக்க அந்த வாக்கியம் சொல்லவில்லை; அதைத் தடுத்து நிறுத்தச் சொல்கிறது.

முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் அவர்களுடைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஆண்டுத் தொடக்கத்தில் நானே எழுதிக்கொடுத்த சொற்பட்டியலில் 'செக் – சரிபார்' என்று ஒரே வரி இருந்தது. பிழை பிள்ளைகளுடையது இல்லை, என்னுடையது.

நீங்களும் ஒரு நாளில் இந்தச் சொல்லை எத்தனை இடத்தில் கேட்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டுப்பாடத்தைச் செக் பண்ணு என்கிறோம். வங்கியில் செக் போடுகிறோம். செக் சட்டை வாங்குகிறோம். விமான நிலையத்தில் செக்-இன் செய்கிறோம். சதுரங்கத்தில் ராஜாவுக்குச் செக் வைக்கிறோம். அரசியல் செய்தியில்கூட ஒரு தலைவர் இன்னொருவருக்குச் "செக் வைத்தார்" என்று படிக்கிறோம். இத்தனையையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய முடியாது. செய்யவும் வேண்டாம். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், பொருள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தாமாகவே வரும்.

ராஜாவுக்கு ஆபத்து

கதை நம் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையை வைத்து ஆடும் சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்குப் போனது. அங்கே அதற்குச் 'சத்ரங்' என்று பெயர். 7ஆம் நூற்றாண்டில் அரபுகள் பாரசீகத்தைக் கைப்பற்றிய பிறகு அது 'ஷத்ரஞ்ச்' ஆனது.

பாரசீகர்கள் எதிரியின் அரசனைத் தாக்கும் நிலைக்குக் காயை நகர்த்தினால் "ஷா!" என்று குரல் கொடுப்பார்கள். ஷா என்றால் அரசன். "உன் ராஜாவைப் பார்த்துக்கொள்" என்ற எச்சரிக்கை அது. இந்த 'ஷா' நமக்குப் புதிய சொல் இல்லை. மலாக்கா சுல்தான்களான முசாபர் ஷா, மன்சூர் ஷா ஆகியோரின் பெயர்களில் இருப்பதும், ஷா ஆலாம் நகரின் பெயரில் இருப்பதும் அதே பாரசீகச் சொல்தான்.

ஆட்டம் அரபுகள் வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. 'ஷா' என்ற கூவல் இலத்தீனில் 'ஸ்காக்குஸ்' என்றும், பழைய பிரெஞ்சில் 'எஷெக்' என்றும் உருமாறியது. அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது இரண்டு சொற்கள் கிடைத்தன. ஒருமை 'செக்' ஆனது; பன்மை 'செஸ்' ஆனது. இரண்டும் ஒரே சொல்லின் பிள்ளைகள் என்று மாணவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆனால் உண்மை அதுதான்.

ராஜாவுக்குச் செக் விழுந்ததும் என்ன நடக்கிறது? அதுவரை போட்டு வைத்திருந்த திட்டம் எல்லாம் நின்றுவிடுகிறது. முதலில் அந்தத் தாக்குதலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இந்த 'நில், பதில் சொல்' என்ற கருத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் பொருள்களில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் கிளைக்கின்றன. ஓடுவதைத் திடீரென நிறுத்துவது, வளர்வதை மட்டுப்படுத்துவது, சினத்தை அடக்குவது எல்லாவற்றுக்கும் ஆங்கிலேயர்கள் இதே சொல்லைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். என் மாணவர்கள் தவறவிட்ட பொருள் இதுதான்.

கட்டம் போட்ட மேசை

இன்னொரு கிளை சதுரங்கப் பலகையிலிருந்து பிரிகிறது. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், மாவட்டங்களில் அரசருக்குச் சேர வேண்டிய பணத்தை ஷெரிப்புகள் வசூலித்தார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை அவர்கள் வந்து கணக்கு ஒப்படைக்க வேண்டும். இரண்டாம் ஹென்றி மன்னரின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்பவர் 1170களின் பிற்பகுதியில் எழுதத் தொடங்கிய நூலில் அந்த இடத்தை விவரித்திருக்கிறார். நீளம் 10 அடி, அகலம் 5 அடி கொண்ட ஒரு மேசை. அதன்மேல் கோடுகள் போட்ட கறுப்புத் துணி. கோடுகளுக்கு இடையில் வில்லைகளை வைத்தும் எடுத்தும் கணக்குப் போடுவார்கள்.

பார்க்கச் சதுரங்கப் பலகைபோல் இருந்ததால் அந்த மேசைக்கு 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் வந்தது. பலகையில் இரண்டு அரசர்கள் மோதுவதுபோல இங்கே பொருளாளரும் ஷெரிப்பும் மோதுகிறார்கள் என்று அவரே ஒப்பிடுகிறார். பிறகு மேசையின் பெயர் அலுவலகத்தின் பெயராகிவிட்டது. இன்றைக்கும் பிரிட்டனின் நிதியமைச்சருக்கு 'எக்ஸ்செக்கரின் சான்சலர்' என்றுதான் பதவிப் பெயர். கட்டம் போட்ட துணியைச் 'செக்' என்று சொல்வதும் இந்தப் பலகைக் கிளையைச் சேர்ந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வில்லைகள் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி மேசைமேல் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடக் கணக்கைக் கண்ணால் தொடர முடியும். பணம் கட்டியதற்கு அடையாளமாக ஒரு குச்சியில் வெட்டுகள் போட்டு அதை நெடுக்காகப் பிளப்பார்கள். ஒரு பாதி அரசிடம், மறுபாதி கட்டியவரிடம். சந்தேகம் வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். ஒருவர் மட்டும் வெட்டைக் கூட்டிவிட முடியாது. பல நூற்றாண்டுகள் புழங்கிய இந்தக் குச்சிகளில் மிஞ்சியவற்றை 1834 அக்டோபர் 16ஆம் தேதி இலண்டன் நாடாளுமன்றத்தின் அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். அந்தத் தீ பரவி நாடாளுமன்றக் கட்டடமே எரிந்துபோனது.

வங்கியில் கொடுக்கும் செக்கும் இதே யோசனைதான். 18ஆம் நூற்றாண்டில் பணப் பத்திரத்தின் ஒரு துண்டைக் கிழித்துத் தனியே வைத்துக்கொள்வார்கள். யாராவது தொகையைத் திருத்தினால் இந்தத் துண்டு காட்டிக்கொடுத்துவிடும். மோசடியைத் தடுக்கும் அந்தத் துண்டுக்குத்தான் முதலில் 'செக்' என்று பெயர். பின்னால் பத்திரத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிரிட்டிஷ் வழக்கில் இதன் எழுத்துக்கூட்டு மாறியதற்கு 'எக்ஸ்செக்கர்' என்ற சொல்லின் செல்வாக்கே காரணம். அமெரிக்கர்கள் பழைய எழுத்துக்கூட்டையே வைத்துக்கொண்டார்கள். தமிழில் நாம் காசையும் ஓலையையும் சேர்த்துக் 'காசோலை' என்று அழகாகச் சொல்கிறோம்.

ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பிழையை நிறுத்துவது என்ற இந்தப் பழக்கத்திலிருந்துதான் 'சரிபார்' என்ற பொருளும் வலுப்பெற்றது. ஆக, நாம் முதல் பொருள் என்று நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் பின்னால் வந்தது.

தோட்டத்துச் செக்ரோல்

இங்கிலாந்தில் அரண்மனையிலும் பிரபுக்களின் வீடுகளிலும் வேலை செய்தவர்களின் பெயர்ப் பட்டியலுக்குச் 'செக்ரோல்' என்று 15ஆம் நூற்றாண்டிலேயே பெயர் இருந்தது. அந்தச் சொல்லைப் பிரிட்டிஷ் தோட்ட நிர்வாகிகள் மலாயாவுக்குக் கொண்டுவந்தார்கள். நம் தாத்தா பாட்டிகள் செக் என்ற சொல்லைச் சதுரங்கத்திலோ வங்கியிலோ கற்கவில்லை. ரப்பர் தோட்டத்தில்தான் கற்றார்கள்.

விடியுமுன் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். வந்தவர் யார், வராதவர் யார் என்று பார்ப்பார்கள். கிராணி அதைச் செக்ரோலில் பதிவார். பேர் விழுந்தால்தான் அன்றையக் கூலி. கங்காணிக்கும் அதில் அக்கறை உண்டு. தன் கூட்டத்திலிருந்து வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. முன்பணம், பிடித்தம் எல்லாவற்றையும் கழித்து மாதக் கடைசியில் கைக்கு எவ்வளவு வரும் என்பதை அந்தப் புத்தகம்தான் தீர்மானித்தது.

இங்கே எக்ஸ்செக்கர் மேசையை நினைத்துப் பாருங்கள். அங்கே குச்சியின் மறுபாதி கட்டியவர் கையில் இருந்தது. செக்ரோலுக்கு அப்படி ஒரு மறுபாதி இல்லை. எழுதியவர் கிராணி, எழுதப்பட்டவரில் பலருக்கு அதைப் படிக்கத் தெரியாது. "நேத்து வந்தேனே ஐயா, பேர் இல்லையே" என்று சொன்னால் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. ஆளைச் செக் செய்த புத்தகத்தை ஆள் செக் செய்ய முடியவில்லை. வரலாற்றுப் பாடத்தில் அதிகாரப் பிரிவைப் படிக்கும்போது 'செக்ஸ் அண்ட் பேலன்சஸ்' என்ற தொடர் வரும். ஓர் அதிகாரத்தை இன்னோர் அதிகாரம் தடுத்து நிறுத்த வழி இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. அது ஏன் தேவை என்று மாணவர்கள் கேட்டால், முதலில் இந்தச் செக்ரோலைப் பற்றிச் சொல்லுங்கள். புரிந்துவிடும்.

தேர்வில் என்ன செய்வது?

மாணவர்களே, 'செக்' வந்தால் உடனே தமிழ்ச் சொல்லைத் தேடாதீர்கள். எதைச் செக் செய்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

விலை, நோய், வெள்ளம், கோபம், எதிரியின் முன்னேற்றம் போல வளர்கிற அல்லது நகர்கிற ஒன்றாக இருந்தால்: தடு, மட்டுப்படுத்து, கட்டுப்படுத்து, அடக்கு.

கணக்கு, பட்டியல், விடை, எழுத்துக்கூட்டு போல எழுதப்பட்ட ஒன்றாக இருந்தால்: சரிபார்.

இரத்தம், இயந்திரம், பயணப்பெட்டி போன்றவையாக இருந்தால்: சோதி, பரிசோதி.

ஓர் ஆளிடம் செக் செய்வதாக வந்தால்: கேட்டு உறுதிப்படுத்து.

தங்குவிடுதியிலோ விமான நிலையத்திலோ என்றால்: வருகையைப் பதிவு செய்.

'செக்ஸ் அண்ட் பேலன்சஸ்' என்பதைத் 'தடைகளும் சமன்பாடுகளும்' என்று எழுதுபவர்கள் உண்டு. சமன்பாடு என்றதும் மாணவனுக்குக் கணிதம்தான் நினைவுக்கு வரும். 'அதிகாரங்கள் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் சமநிலை' என்று விரித்து எழுதினால் பொருள் தெளிவாக நிற்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு சின்ன யோசனை. வீட்டில் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்கள் இருந்தால், செக்ரோல் என்றால் என்ன என்று கேட்டுவரச் சொல்லுங்கள். நான் சொல்லி அனுப்பியபோது, மறுநாள் ஒரு மாணவி தன் பாட்டி சொன்னதை அப்படியே எழுதி வந்தாள்: "பேரு விழுந்துச்சான்னு பார்க்காம வீட்டுக்குத் திரும்ப மாட்டோம்." அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, பாட்டி செய்தது தடுப்பதா, சரிபார்ப்பதா, கேட்டு உறுதிப்படுத்துவதா என்று கேட்டேன். பாடவேளை முடிகிறவரை வாதம் ஓயவில்லை. என் பழைய சொற்பட்டியலில் இருந்த அந்த ஒற்றை வரியை அன்றைக்கு அவர்களே அடித்துவிட்டு, கீழே ஐந்து வரி எழுதிக்கொண்டார்கள்.