பர்ஸுக்குள் அடங்கும் அணி

ஐபிஎல் ஏலம் நெருங்கிவிட்டால் சங்கரன்கோவில் பையன்கள் தங்களுக்குள் ஒரு ஏலம் நடத்துவார்கள். வாட்ஸப் குழுதான் ஏலக்கூடம். ஆளுக்கு நூறு கோடி ரூபாய் கற்பனைப் பணம்; அதுதான் பர்ஸ். ஒருவன் பெயர் சொல்ல, மற்றவர்கள் விலை ஏற்ற வேண்டும். “ஏலே, பும்ராவுக்கே இம்புட்டையும் போட்டுட்டா கீப்பருக்கு எங்க போவ?” என்று எவனாவது கேட்டுவிட்டால், ஆட்டத்தின் சூட்சுமம் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது என்று பொருள்.

மட்டையைத் தொடாமல், ஆட்டக்காரர்களை வாங்கியே ஜெயிக்கப் பார்க்கும் இந்த விளையாட்டு கிரிக்கெட்டில் பிறந்ததல்ல. இதன் தாய்வீடு பேஸ்பால்.

பேஸ்பாலைக் காகிதத்தில் ஆடும் வழக்கம் அமெரிக்காவில் இருந்தது. ஹால் ரிச்மன் 1961-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்’கில் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு அட்டை, தாயக்கட்டையை உருட்டினால் அவர் அடித்தாரா, அவுட்டா என்று அட்டையே சொல்லிவிடும். நிஜத்தில் நன்றாக அடிப்பவர் அட்டையிலும் நன்றாக அடிப்பார். ஆனால் அவருக்கு விலை கிடையாது.

விலையைக் கொண்டுவந்தவர் ஒரு சமூகவியலாளர். பாஸ்டனில் இருந்த வில்லியம் கேம்சன், ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் வருவதற்கு முந்தைய ஆண்டே, 1960-ல் சில நண்பர்களோடு ‘பேஸ்பால் செமினார்’ என்ற பெயரில் ஒரு பந்தயம் வைத்தார். ஆளுக்கு ஒரு லட்சம் டாலர், அதுவும் கற்பனைதான். அதற்குள் நிஜ வீரர்களை ஏலம் கேட்க வேண்டும். பருவம் முடிந்ததும் அவர்களுடைய நிஜக் கணக்கைக் கூட்டி யார் கெட்டிக்காரர் என்று பார்க்க வேண்டும். கேம்சன் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது பந்தயமும் கூடப் போனது. அங்கே அதில் சேர்ந்த ராபர்ட் ஸ்க்லார் என்ற பேராசிரியர் வழியாக அவருடைய மாணவர் டேனியல் ஓக்ரென்ட் காதுக்கு எட்டியது. 1980-ல் ஓக்ரென்ட் தன் கூட்டாளிகளோடு தொடங்கிய பந்தயத்துக்கு, அவர்கள் கூடிச் சாப்பிட்ட நியூயார்க் உணவகத்தின் பெயரே வாய்த்தது: ரோட்டிஸ்ஸரி. 260 டாலருக்குள் 23 பேர் என்பது அந்த ஆட்டத்தில் பின்னாளில் நிலைத்துவிட்ட கணக்கு. வேடிக்கை என்னவென்றால், ஓக்ரென்ட் தன் சொந்தப் பந்தயத்தில் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

யார் நல்ல ஆட்டக்காரர் என்பதை எந்த டீக்கடையிலும் சொல்லிவிடுவார்கள். இந்த விலைக்கு அவர் தேவையா என்பதுதான் பர்ஸ் வந்தபின் முளைத்த கேள்வி. முகூர்த்த நாளில் எங்கள் பூ மார்க்கெட்டில் மல்லிகை விலை ஏறுவது பூவின் மணம் கூடியதால் அல்ல. ஏலத்திலும் ஒருவரின் விலையில் பாதி அவருடைய திறமை, மீதி அடுத்தவர் கையில் மிச்சமிருக்கும் காசு.

ஜெர்மானியரான மார்க்கஸ் ஹைன்சன் 1999-ல் வெளியிட்ட ‘அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்’ இதைக் கணினிக்குள் கொண்டுபோய் இன்னும் சிக்கலாக்கியது. திறமையைத் தேடிப் போகும் சாரணர்கள் வீரரை 20 முதல் 80 வரை மதிப்பிடும் பழைய அளவுகோல் அதில் உண்டு. 50 என்றால் சராசரி. இன்றைய திறமைக்கு ஒரு எண், நாளை எட்டக்கூடிய உயரத்துக்கு இன்னொரு எண். அதைச் சொல்லும் சாரணரே தப்பாகச் சொல்லலாம் என்பதுதான் அழகு! புதிதாக ஆடுபவர் போன வருஷக் கணக்கைப் பார்த்து, முப்பதைத் தாண்டிய நட்சத்திரத்துக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுத்துவிட்டுத் திண்டாடுவார்.

காகிதத்தில் ஓடிய இந்தக் கணக்கை 2008 பிப்ரவரி 20 அன்று மும்பையில் நிஜப் பணத்தோடு பார்த்தோம். முதல் ஐபிஎல் ஏலம். அணிக்கு 50 லட்சம் டாலர். தோனியை மும்பையும் கேட்டது, சென்னையும் கேட்டது. விலை 15 லட்சத்தைத் தொட்டதும் மும்பை நிறுத்திக்கொண்டது. தோனி வேண்டாம் என்றல்ல. அந்த அணியின் ‘ஐகான்’ வீரர் சச்சின். அணியில் அதிக விலைக்கு வாங்கப்படுபவரைவிட 15 சதவீதம் கூடுதலாக ஐகானுக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. தோனிக்கு 15 லட்சம் என்றால் சச்சினுக்கு 17.25 லட்சம். இரண்டு பேருக்கே 32 லட்சத்துக்கு மேல் போய்விட்டால், மிச்சம் 18 லட்சத்துக்கும் குறைவான பணத்தில் மற்றவர்களை எப்படிப் பிடிப்பது? சென்னைக்கு ஐகானே கிடையாது; அந்தச் சுமையும் இல்லை. தோனி இங்கே வந்தார்.

அன்று சென்னை அணி இந்தியா சிமெண்ட்ஸ் கையில் இருந்தது. அதன் முதல் ஆலை 1949-ல் ஓடத் தொடங்கியது நெல்லைப் பக்கம் தாழையூத்து சங்கர் நகரில்தான். ஆக, தோனியை வாங்கியதில் நம்ம பக்கத்துக் காசும் கொஞ்சம் உண்டு என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொள்வதை யாரும் தடுக்க முடியாது.

அதே சங்கர் நகர் மைதானத்தில் 2016 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) ஆட்டங்களும் நடந்தன. அந்தத் தொடருக்கு முதல் ஏலம் 2023-ல் மாமல்லபுரத்தில் நடந்தது. அணிக்கு 70 லட்சம் ரூபாய். சாய் சுதர்சனைக் கோவை 21.6 லட்சத்துக்கு எடுத்தது. அப்போது குஜராத் அணியில் அவருடைய ஐபிஎல் விலையே 20 லட்சம்தான். ஒரே ஆளுக்குப் பர்ஸில் முப்பது சதவீதத்துக்கு மேல் கொடுத்த கோவைதான் அந்த ஆண்டு கோப்பையையும் வாங்கியது. “அப்ப நான் பும்ராவுக்குப் போட்டது சரிதானலே” என்று வாட்ஸப் குழுவில் ஒருவன் இதை இன்றும் சாட்சிக்கு இழுப்பான்.