ஷ்வேப்யிதாவும் பேசாத கார்களும்

யு0140. கார் வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் இந்த எண்ணைப் பார்த்திருப்பீர்கள். மெக்கானிக் ஸ்கேனரைச் சொருகுவார், உதட்டைப் பிதுக்குவார், "பாடி கண்ட்ரோல் மாடியூல் போச்சுங்க, மாத்தணும்" என்று ஒரு பெரிய தொகையைச் சொல்லுவார். உண்மையில் அந்த எண்ணுக்கு "போச்சு" என்று அர்த்தமே கிடையாது. "பாடி கண்ட்ரோல் மாடியூலுடன் தொடர்பு அறுந்திருக்கிறது", அவ்வளவுதான். தொடர்பு இல்லை என்பதற்கும் ஆளே இல்லை என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று நம்மைப் போன்ற அகதிகளுக்குத் தெரியாதா என்ன? ஊருக்குப் போன் போகவில்லை என்றால் உடனே கருமாதி வைத்துவிடுவோமா?

இந்த எண்ணின் கதையை ரங்கூனின் வடக்கு ஓரத்தில் இருக்கும் ஷ்வேப்யிதாவில் வைத்துச் சொல்லப்போகிறேன். காரணம் இருக்கிறது, பொறுங்கள்.

முதலில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று பார்ப்போம். பழைய காரில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் தனி வயர். ஹெட்லைட் சுவிட்சைப் போட்டால் கரண்ட் பியூஸ் வழியாக, சுவிட்ச் வழியாக, பல்புக்குப் போகும். எரியவில்லையா? டெஸ்ட் லாம்பைக் கையில் எடுத்துக்கொண்டு வயரோடு நடந்து போனால் எங்கேயாவது அகப்பட்டுவிடும். இப்போதைய காரில் சுவிட்ச் கரண்டைக் கடத்துவதில்லை, விண்ணப்பம்தான் போடுகிறது. "லைட் வேண்டுமாம்" என்று பாடி கண்ட்ரோல் மாடியூலுக்குச் சொல்லும். அது பார்த்து, யோசித்து, ஆணை கொடுக்கும். கதவுப் பூட்டு, வைப்பர், இண்டிகேட்டர், உள்விளக்கு, ஹாரன், பல கார்களில் திருட்டுத் தடுப்பு இமோபிலைசர் எல்லாம் இந்தப் பெட்டியின் இலாகா. (டொயோட்டாக்காரன் இதையே 'மெயின் பாடி ஈசியூ' என்பான். பெயர்தான் வேறு.)

பர்மாவில் வயரோடு நடந்து போகும் அந்த மெக்கானிக்குகள் லேசுப்பட்டவர்கள் இல்லை. இரண்டாம் உலகப் போருக்கு நேசப்படைகள் கொண்டுவந்த செவர்லே ட்ரக்குகளுக்கு மரத்தில் உடம்பு கட்டி, இரண்டாயிரங்கள் வரைக்கும் ரங்கூன் தெருவில் பஸ்ஸாக ஓட்டினார்கள். போருக்கு நஷ்டஈடாக ஜப்பான் 1954 ஒப்பந்தப்படி பத்து வருடத்தில் 20 கோடி டாலர் தர ஒத்துக்கொண்டது. 1963இல் மேலும் 14 கோடி. அந்த வழியில்தான் ஹினோ லாரியும் மாஸ்டா சின்ன வண்டியும் பர்மாவிலேயே பூட்டப்பட்டன. பிறகு நே வின் கதவைச் சாத்தினார். கடைகளும் தொழில்களும் தேசியமயமாகி, லட்சக்கணக்கான இந்திய வம்சத்தவர், அதில் ஏராளமான தமிழர், கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறினார்கள். அது வேறு பெரிய கதை, இன்னொரு நாள். 1970 டிசம்பரில் ஒரே நாளில் இடதுபக்கம் ஓடிய நாட்டை வலதுபக்கம் ஓட வைத்தார்கள். ஜோசியர் சொன்னார் என்று ஒரு பேச்சு உண்டு. ஸ்டியரிங் மட்டும் பழைய பக்கத்திலேயே இருந்தது.

புது வண்டி வராது, பார்ட்ஸும் வராது. அப்படியானால் செய்துகொள்ளத்தான் வேண்டும். பிஸ்டனைக் கடைந்தார்கள், கியரைப் பல் வெட்டினார்கள், தகரத்தைத் தட்டி முழுக் கதவு செய்தார்கள். கையும் காதும் மூக்கும்தான் அவர்களுடைய ஸ்கேனர்.

அந்தக் காலத்தில் வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். ஜெர்மனியில் பாஷ் கம்பெனி 1983இல் ஒரு வேலையை ஆரம்பித்தது. காருக்குள் கிலோ கிலோவாகப் பெருகிக்கொண்டிருந்த வயரைக் குறைக்க, பெட்டிகள் எல்லாம் ஒரே ஜோடி வயரில் பேசிக்கொள்ளும் முறை. அதன் பெயர் கண்ட்ரோலர் ஏரியா நெட்வொர்க், சுருக்கமாகக் கேன். 1986 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் அறிவித்தார்கள். 1987இல் இன்டெலும் பிலிப்ஸும் அதற்குச் சிப் போட்டன. 1991இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் அதோடு வந்தது. 1996இலிருந்து அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு புதுக் காரிலும் 16 குழி கொண்ட பரிசோதனைச் சொருகியும் பொதுவான கோளாறு எண்களும் கட்டாயம். 2008இலிருந்து அந்தச் சொருகி கேன் பாஷைதான் பேசவேண்டும் என்றார்கள்.

இனி நம்ம ஊர்க் கணக்கு. 1988 கிளர்ச்சியோடு பர்மாவின் பல்கலைக்கழகங்களை மூடினார்கள். 1991இல் திறந்து அதே வருடக் கடைசியில் மறுபடி மூடினார்கள். 1996 டிசம்பரில் மாணவர்கள் தெருவில் இறங்க, மீண்டும் பூட்டு, 2000 வரை. கார்கள் பேசக் கற்றுக்கொண்ட அதே வருடங்களில் எங்கள் தலைமுறை வகுப்புக்கு வெளியே நின்றது. என் படிப்பும் அப்படிப் பாதியில் நின்றதுதான். ஷ்வேப்யிதாவே அந்தக் காலத்துப் பிள்ளை. 1988க்குப் பிறகு ராணுவ அரசு ரங்கூன் நடுவிலிருந்து ஜனங்களைப் பெயர்த்துக் கொண்டுபோய்க் குடியேற்றிய புதிய பேட்டைகளில் ஒன்று. பெயருக்கு அர்த்தம் என்னவோ பொன்னான இன்ப நாடு! சேற்றில் போட்ட பலகை மேல் நடந்தவர்களைக் கேட்டால் அந்த இன்பத்தைச் சொல்லுவார்கள். பின்னால் அங்கே தொழிற்பேட்டை வந்தது. ஹ்லைங் ஆற்றுக்கு மேல் பாலம் வந்தது. ரங்கூன் கம்ப்யூட்டர் பல்கலைக்கழகமும் இந்த ஷ்வேப்யிதா நகரியத்தில்தான் இருக்கிறது. நெட்வொர்க் பாடம் நடத்தும் வளாகம் ஒரு பக்கம், எண்ணெய்க் கையோடு காருக்கு அடியில் படுத்திருக்கும் பையன்கள் இன்னொரு பக்கம். இவர்கள் இரண்டு பேரையும் யாரும் ஒரு மேசையில் உட்காரவைக்கவில்லை.

கேன் எப்படிப் பேசுகிறது என்பதற்கு நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆர்டர் எடுத்த பையன் நடுவில் நின்று ஒரே குரலில் கத்துவான். ரொட்டி போடுகிறவர், மீ வறுக்கிறவர், தண்ணி கலக்குகிறவர் எல்லோருக்கும் அது கேட்கும். தனக்கு வேண்டியதை மட்டும் ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்வார்கள். காரிலும் அப்படியே. எல்லோரும் ஒரே ஜோடி வயரில் கத்துகிறார்கள். இரண்டு பேர் சேர்ந்து வாய் திறந்தால் முக்கியமான செய்தி முந்தும், மற்றது காத்திருக்கும். தண்ணி கலக்குகிறவரிடமிருந்து ரொம்ப நேரம் சத்தமே வரவில்லை என்றால் மற்றவர்கள் முதலாளியிடம் போய்ச் சொல்லுவார்கள். யு0140 அந்தப் புகார்தான். கவனியுங்கள், புகாரை எழுதி வைத்தது எஞ்சின் பெட்டி, பிரேக் பெட்டி போன்ற நல்ல நிலையில் இருப்பவர்கள். ஆள் மயங்கி விழுந்தாரா, கதவு பூட்டிக்கொண்டதா, இல்லை அடுப்பு இரைச்சலில் குரல் கேட்கவில்லையா என்று அவர்களுக்குத் தெரியாது.

2011 செப்டம்பரில் பர்மிய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. 40 வருடத்துக்கு மேற்பட்ட வண்டியை ஒப்படைத்தால் வெளியிலிருந்து கார் இறக்க அனுமதி. அப்புறம் வயது வரம்பு இறங்கிக்கொண்டே வந்தது. ஓட்டை வண்டியே சொத்து விலைக்கு விற்ற ஊரில் ஜப்பானின் பழைய கார்கள் வெள்ளமாக வந்து இறங்கின. ப்ரோபாக்ஸ், ஹோண்டா ஃபிட், வேகன் ஆர்... செவர்லே மரபஸ்ஸிலிருந்து நேராக நெட்வொர்க் காருக்கு ஒரே தாவல். மற்ற நாட்டு மெக்கானிக்குகள் இருபது வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய படியை இவர்கள் இரண்டு வருடத்தில் ஏறவேண்டியிருந்தது. அதிலும் வந்தவை ஜப்பான் உள்நாட்டுக்குச் செய்தவை. அமெரிக்கச் சட்டம் அவற்றுக்குப் பொருந்தாது. சொருகி 16 குழியோடு ஒரே மாதிரி இருக்கும், உள்ளே பேசும் பாஷை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. கையேடோ ஜப்பான் எழுத்தில்.

அந்தக் காலத்தில் ஷ்வேப்யிதாவில் ஒரு பட்டறையில் பார்த்தது. பெரிய மெக்கானிக்கை அங்கே "சயா" என்றுதான் கூப்பிடுவோம், வாத்தியாருக்கும் அதே சொல். ஒரு சின்ன வேன் வந்திருந்தது. கதவு பூட்டவில்லை, இண்டிகேட்டர் இல்லை, வைப்பர் இல்லை. சாவியைத் திருப்பினால் பட்டப்பகலில் ஹெட்லைட் தானாக எரிகிறது. வேறு இடத்தில் பெட்டி போய்விட்டது என்று சொல்லி, பழைய பெட்டி ஒன்றை வாங்கிப் போட்டும் பார்த்திருக்கிறார்கள். அதுவும் வாய் திறக்கவில்லை.

சயா சிரித்தார். "ரெண்டு பொட்டியுமா செத்துப் போச்சு?" என்றார். தானாக எரிந்த ஹெட்லைட்டைப் பார்த்துப் பையன்கள் சுவிட்சைக் கழற்றப் போனார்கள், தடுத்துவிட்டார். சில ஜப்பான் வண்டிகளில் அது கோளாறு இல்லை, ஏற்பாடு. பாடி பெட்டியிடமிருந்து செய்தி வரவில்லை என்றால், ராத்திரி நடுரோட்டில் இருட்டாகிவிடக்கூடாதே என்று லைட்டைப் போட்டே வைக்கும்.

அவர் செய்த வரிசை எனக்கு இன்னும் மனப்பாடம். முதலில் பேட்டரி, ஏனென்றால் பேட்டரி இளைத்தாலே பெட்டிகள் தாறுமாறாகப் புகார் எழுதும். பிறகு எண்களை அழித்துவிட்டு எது திரும்பி வருகிறது என்று பார்த்தார். யு0140 மட்டும் உடனே வந்தது. ஸ்கேனரில் எஞ்சின் பேசியது, பிரேக் பேசியது, ஏர்பேக் பேசியது. எல்லோரும் ஊமையானால் பொதுப் பாதையில் கோளாறு. ஒருவர் மட்டும் ஊமையென்றால் அவர் வீட்டுக்குப் போகும் சந்திலோ அவருடைய சாப்பாட்டிலோதான் தேடவேண்டும்.

பேட்டரியைக் கழற்றிச் சொருகியின் 6ஆம் குழிக்கும் 14ஆம் குழிக்கும் நடுவில் ஓம் பார்த்தார். கேன் வயரின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும். இரண்டும் சேர்ந்து 60 காட்டினால் பாதை முழுசு. 120 என்றால் எங்கோ அறுந்திருக்கிறது. சைபருக்குப் பக்கம் என்றால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த வேனில் 60. (எல்லாக் காருக்கும் இந்தக் கணக்கு ஓடாது. சில பழைய டொயோட்டாவில் பாடி பெட்டிகளுக்கு பீன் என்று தனிப் பாஷை. ஹோண்டாவில் பாடிப் பக்கத்துக் கேன் தனி, எஞ்சின் பக்கத்துக் கேன் தனி. நடுவில் கேட்வே பெட்டி இருந்தால் சொருகியில் அளப்பது கேட்வே வரைக்கும்தான். 60 வந்துவிட்டது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகக்கூடாது.)

பழையபடி பேட்டரியை மாட்டினார். பெட்டிக்கு வரும் பியூஸ்கள் எல்லாம் நல்லது. பையன் மல்டிமீட்டரை வைத்து "12 வோல்ட் வருது சயா" என்றான். சயா மீட்டரை ஒதுக்கிவிட்டு அந்தப் பழைய டெஸ்ட் லாம்பை எடுத்தார். மீட்டர் கரண்ட் குடிக்காது, ஒரே ஒரு இழை ஒட்டியிருந்தாலும் 12 வோல்ட் என்று காட்டிவிடும். பல்பு குடிக்கும். லாம்பின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைப் பெட்டியின் எர்த் வயரிலும் வைத்தார். பல்பு கண்ணாமுழியைச் சிமிட்டிவிட்டு மங்கலாக நின்றது. வயரோடு நடந்து போனார். முன் சீட்டுக்குக் கீழே கார்ப்பெட்டைத் தூக்கினால் ஈரம். முன் கண்ணாடி ரப்பர் வழியாக மழைத்தண்ணி இறங்கி, எர்த் போல்ட் துருவில் ஊறிக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் தடவி, முதலில் இருந்த பெட்டியையே திரும்ப மாட்டினார். (வாங்கிப் போட்டதை வைத்திருந்தால் பேசியிருக்கும், ஆனால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகியிருக்காது. இமோபிலைசருக்கு அந்த அந்நியப் பெட்டி சாவியைத் தெரியாது.) எண்ணை அழித்தார். திரும்பி வரவில்லை.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. பாஷை புதுசு, கோளாறு பழசு. செவர்லே மரபஸ்ஸிலும் எர்த் போல்ட் துருப்பிடித்துத்தான் லைட் மங்கியது. ஆனால் அந்த போல்ட் வரைக்கும் போய்ச் சேர இப்போது வயரிங் படம் வேண்டும், எல்லாப் பெட்டியோடும் பேசும் ஸ்கேனர் வேண்டும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இல் சட்டமே போட்டது, தனிப் பட்டறைக்காரனுக்கும் கம்பெனி தகவல் தரவேண்டும் என்று. ஐரோப்பாவில் 2007லேயே விதி வந்துவிட்டது. ஷ்வேப்யிதாவுக்கு எந்தச் சட்டமும் வரவில்லை. ஷென்சென்னில் செய்த மலிவு ஸ்கேனரும், பர்மிய மொழியில் பேஸ்புக்கில் கைமாறிய வயரிங் படங்களும்தான் வந்தன. அதைக் கொண்டே பையன்கள் கற்றுக்கொண்டார்கள். படித்த நாங்கள் சொல்லிக் கொடுத்தது ஒன்றுமில்லை.

2021 பிப்ரவரிக்குப் பிறகு எல்லாம் தலைகீழ். கார் இறக்குமதியை மறுபடி இறுக்கினார்கள், டாலர் கிடைக்காது, கரண்ட் மணிக்கணக்கில் கிடையாது. அந்தப் பையன்களில் பலர் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் சிதறிவிட்டார்கள். 2012இல் வந்த கார்கள் இப்போது செவர்லே பஸ்ஸின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, கிடைக்கிறதை வைத்து ஓடவேண்டியவை. நான் கிளம்பும் வரை சயாவின் மேசை இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் உடைத்த பெட்டிகளிலிருந்து எடுத்த கனெக்டர்கள், ரிலேக்கள், ஒரு காகிதப் பொட்டலத்தில் 120 ஓம் ரெசிஸ்டர்கள். பொட்டலத்தின் மேல் பென்சிலால் 60 என்று எழுதி, சுற்றி வட்டம் போட்டிருந்தார்.