அபயக் கடிதம்

வேலை விஷயமாகச் சூரிச்சுக்குப் போனால் கூட்ட அறையையும் கணினித் திரையையும் தவிர வேறெதையும் பார்க்காமல் லண்டன் திரும்புவதுதான் என் வழக்கம். இம்முறை இரண்டு நாள் மிச்சமாக இருந்தது. ரயிலேறி ஒன்றேகால் மணி நேரத்தில் கொன்ஸ்ரன்ஸில் இறங்கினேன். சுவிஸைத் தாண்டி ஜேர்மனிக்குள் வந்துவிட்டதைக் கைத்தொலைபேசிக்கு வந்த குறுஞ்செய்திதான் சொன்னது.

போடன் ஏரியின் பெரும்பகுதியை விட்டு றைன் நதி வெளியேறும் இடத்தில் இந்த ஊர் இருக்கிறது. பழைய நகரம் நதியின் தென்கரையில், வரைபடத்தில் பார்த்தால் சுவிஸ் இருக்கவேண்டிய பக்கத்தில் கிடக்கிறது. அடுத்த ஊரான கிறொய்ஸ்லிங்கன் சுவிஸுக்குச் சொந்தம். எல்லைக்கோடு தெருக்களுக்கும் வீட்டு வளவுகளுக்கும் நடுவால் போகிறது. இரண்டாம் உலகப் போரில் நடுநிலை நாடான சுவிஸின் விளக்குகளோடு தன் விளக்குகளையும் எரியவிட்டதால் கொன்ஸ்ரன்ஸ் குண்டுவீச்சுக்குத் தப்பியது என்று ஊரார் சொல்கிறார்கள். காரணம் அதுவோ வேறோ, பழைய நகரம் குலையாமல் நிற்கிறது. 600 வருடத்துக்கு முந்திய தெருக்களில் இன்றும் நடக்கலாம்.

துறைமுகத்தில் இறங்குபவர் கண்ணில் முதலில் படுவது இம்பேரியா சிலை. 9 மீற்றர் உயரமான ஒரு தாசி, இரண்டு கைகளிலும் இரண்டு குட்டி மனிதர்களை ஏந்திக்கொண்டு மெல்லச் சுழல்கிறாள். ஒருவன் தலையில் அரச கிரீடம், மற்றவன் தலையில் பாப்பரசரின் முடி. உடம்பில் துணி இல்லை. பீற்றர் லெங்க் என்ற சிற்பி 1993இல் நிறுவியது. பால்சாக்கின் கதையொன்றில் வருபவள் இவள். உண்மையான இம்பேரியா நூறு வருடம் பிந்தி இத்தாலியில் வாழ்ந்தவள், இந்தப் பக்கம் வந்ததே இல்லை. நல்ல பகிடிதான். ஆனால் எனக்கு அந்தச் சிலையில் ஒரு குறை உண்டு. அரசனும் பாப்பரசரும் சேர்ந்து ஏமாற்றிய மூன்றாவது ஆளுக்கு அதில் இடமில்லை.

1414இல் கத்தோலிக்க உலகத்துக்கு ஒரே நேரத்தில் மூன்று பாப்பரசர்கள் இருந்தார்கள். மூவரும் மற்ற இருவரையும் போலி என்றார்கள். இந்தச் சிக்கலைத் தீர்க்க ஜேர்மன் அரசர் சிகிஸ்மண்டின் முயற்சியில் இங்கே பொதுச்சங்கம் கூடியது. 1418 வரை நீடித்தது. சில ஆயிரம் பேர் மட்டும் வாழ்ந்த ஊரில் ஆயர்கள், இளவரசர்கள், அவர்களுடைய குதிரைகள், சமையற்காரர், வட்டிக்காரர், தாசிகள் என்று வந்து குவிந்தார்கள். உல்ரிஷ் றிஷென்ரால் என்ற ஊர்வாசி எல்லாவற்றையும் எழுதிவைத்தார். தெருவில் வண்டியோடு திரிந்த நடமாடும் வெதுப்பகம்கூட அவருடைய நூலின் படங்களில் இருக்கிறது. 1417 நவம்பர் 11இல் துறைமுகத்தருகே இருந்த வணிகர் களஞ்சியத்தில் 53 பேர் கூடிப் புதிய பாப்பரசராக ஐந்தாம் மார்ட்டினைத் தெரிவுசெய்தார்கள். அந்தக் களஞ்சியம் இன்று உணவகமும் விழா மண்டபமும். நிர்வாகக் கண்ணால் பார்த்தால் பெரிய வெற்றி: மூன்றை ஒன்றாக்கிவிட்டார்கள்.

யான் ஹூஸ் பிராகில் பல்கலைக்கழக ஆசிரியர், செக் மொழியில் பிரசங்கம் செய்த குரு. பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையையும் குருமாரின் சொத்தாசையையும் வெளிப்படையாகச் சாடியவர். சபை அவரை விலக்கி வைத்திருந்தது. சங்கத்துக்கு வந்து விளக்கம் சொல், போகவும் வரவும் நான் பொறுப்பு என்று சிகிஸ்மண்ட் சொல்லியனுப்பினார். ஹூஸ் 1414 அக்டோபர் 11இல் புறப்பட்டார். ஆனால் அரசரின் அபயக் கடிதம் ஸ்பயர் நகரில் எழுதப்பட்ட நாள் அக்டோபர் 18. நவம்பர் 3இல் ஹூஸ் கொன்ஸ்ரன்ஸுக்குள் நுழைந்தபோது கடிதம் கையில் இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. வாய்ச்சொல்லை நம்பி எல்லைகளைக் கடந்திருக்கிறார்.

ஒரு கைம்பெண்ணின் வீட்டில் தங்கினார். அந்தத் தெருவுக்கு இன்று அவர் பெயர்தான். அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது, அவர் தங்கிய வீடு அதுதானா என்பதில் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம். நவம்பர் 28இல் பேச்சுக்கு என்று அழைத்துப்போய் மறித்துவைத்தார்கள். பிறகு ஏரியோரத் தீவிலிருந்த தொமினிக்கன் மடத்தின் நிலவறைச் சிறை. அவருக்குத் துணையாக வந்த யான் ஹ்லும் என்ற பிரபு அரசரின் கடிதத்தை ஊரெல்லாம் காட்டினார், ஆலயக் கதவுகளில் கண்டனம் எழுதி ஒட்டினார். பயனில்லை. நத்தார் இரவில் வந்துசேர்ந்த சிகிஸ்மண்ட் முதலில் கோபப்பட்டார். ஹூஸை விடச்சொன்னால் சங்கம் கலைந்துவிடும் என்று கர்தினால்மார் சொன்னதும் கோபம் அடங்கியது. மூன்று பாப்பரசர்கள் ஒரு தட்டில், ஒரு குரு மறுதட்டில். அரசர் கணக்குப் பார்த்தார்.

அந்தக் கடிதம் வெறும் பயண அனுமதிதான், விசாரணையிலிருந்து விலக்கு அல்ல என்று வாதிடுபவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். சட்ட நுணுக்கமாக அதில் சாரம் உண்டு. ஆனால் கடிதம் போகவும் தங்கவும் மட்டுமல்ல, திரும்பவும் வழிவிடச் சொன்னது. இளவயதில் வவுனியாவில் பாஸ் எடுக்க வரிசையில் நின்றவன் நான். போவதற்குத் தரும் அனுமதிக்கும் திரும்பி வருவதற்குத் தரும் அனுமதிக்கும் உள்ள தூரத்தை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

1415 ஜூலை 6, பேராலயத்தில் தீர்ப்பு. சிகிஸ்மண்ட் அரியணையில் இருந்தார். அரசரின் உறுதியை நம்பி நானாகவே வந்தேன் என்று ஹூஸ் சொல்லி அவரைப் பார்த்ததாகவும், அரசரின் முகம் சிவந்ததாகவும் சொல்லப்படுகிறது. ஹூஸின் குருத்துவ உடைகளைக் களைந்தார்கள். மூன்று பேய்களின் உருவம் வரைந்து, பதிதர் தலைவன் என்று எழுதிய தொப்பியைத் தலையில் வைத்தார்கள். அந்தத் தொப்பி கடதாசியால் செய்தது. அவருக்குக் கிடைத்த கடைசிக் கடதாசி அதுதான். நகருக்கு வெளியே எரித்து, சாம்பலை றைனில் கரைத்தார்கள். அடுத்த வருடம் அவருடைய நண்பர் ஜெரோமுக்கும் அதே கதி. இடத்தைக் குறிக்க 1862இல் வைத்த பெரிய பாறை அமைதியான குடியிருப்புத் தெருவில் கிடக்கிறது. நான் போனபோது வேறு யாரும் இல்லை.

இதில் என்னை மிகவும் உறுத்துவது பிறகு நடந்தது. 1415 செப்டெம்பர் 23இல், ஆளை எரித்து இரண்டரை மாதம் கழித்து, அரசர்கள் கொடுக்கும் அபயக் கடிதம் திருச்சபையின் விசாரணையைத் தடுக்காது என்று சங்கம் தீர்மானம் நிறைவேற்றியது. செய்ததற்கு ஏற்றபடி விதியைப் பிறகு எழுதிக்கொண்டார்கள். ஆனால் பொஹீமியாவில் இது எடுபடவில்லை. 452 பிரபுக்கள் முத்திரையிட்டுக் கண்டனம் அனுப்பினார்கள். 1419இல் தொடங்கிய போர் பதினைந்து வருடம் ஓடியது. 1521இல் லூதர் வோர்ம்ஸ் நகருக்கு வந்தபோது அவரையும் பிடிக்கச் சொன்னவர்களிடம், சிகிஸ்மண்டைப் போல முகம் சிவக்க எனக்கு விருப்பமில்லை என்று பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸ் மறுத்ததாக ஒரு கதை உண்டு. லூதர் உயிரோடு திரும்பினார்.

ஹூஸை அடைத்த தீவு மடம் இப்போது ஆடம்பர ஹோட்டல். ஆகாயக் கப்பல் செய்த செப்பலின் பிரபு 1838இல் பிறந்ததும் அங்கேதான். ஒரு கோப்பியின் விலையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

பழைய நகரின் தெற்கு விளிம்பில், எல்லைக்குப் பக்கத்தில், தச்சுத் தொழிலாளி கேயோர்க் எல்சருக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. 1920களில் கொன்ஸ்ரன்ஸின் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1939இல் மியூனிச்சில் ஹிட்லர் வருடாவருடம் பேசும் பியர் மண்டபத்துக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள் ஒளிந்திருந்து, தூணைக் குடைந்து, மணிக்கூட்டோடு இணைத்த குண்டை வைத்தார். நவம்பர் 8 இரவு 9.20க்கு அது பிசகாமல் வெடித்தது. மூடுபனியால் விமானத்தை விட்டு ரயிலில் திரும்பவேண்டியிருந்த ஹிட்லர் 9.07க்கே வெளியேறியிருந்தார். எட்டுப் பேர் இறந்தார்கள். அதற்கு 35 நிமிடம் முன், 8.45க்கு, சுவிஸ் எல்லைக்குச் சில பத்து மீற்றர் தூரத்தில் இரண்டு சுங்கக் காவலர்கள் எல்சரைப் பிடித்துவிட்டார்கள். ஒரு வருடம் முன் அவர் வந்து பார்த்தபோது அந்த எல்லையில் காவல் இருக்கவில்லை. இப்போது போர் தொடங்கியிருந்தது.

அவருடைய எல்லை அனுமதி அட்டை காலாவதியாகியிருந்தது. சட்டைப்பையில் கம்பி வெட்டும் குறடு, வெடி உறுப்புகள், அந்தப் பியர் மண்டபத்தின் படம் போட்ட ஒரு தபாலட்டை. இவ்வளவு கவனமான மனிதன் இவற்றை ஏன் கொண்டுபோனான் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். செய்தது தான்தான் என்று சுவிஸ் அதிகாரிகளுக்கு நிரூபிக்கத்தான் என்று கருதப்படுகிறது. நமக்கு இதில் வியப்பில்லை. இந்தப் பக்கச் சோதனைச் சாவடியில் உயிரை எடுக்கும் அதே துண்டுதான் அந்தப் பக்கத்து மேசையில் ஆதாரம். கொண்டுபோனால் பிடிபடலாம், கொண்டுபோகாவிட்டால் நம்பமாட்டார்கள். அகதி வழக்குக்காகக் கடிதங்களைச் சட்டை மடிப்புக்குள் தைத்துக்கொண்டு வந்தவர்கள் இதை வாசிக்கும் வீடுகளிலேயே இருப்பார்கள். எல்சரை 1945 ஏப்ரல் 9இல், போர் முடிய ஒரு மாதம்கூட இல்லாதபோது, டாஹவ் முகாமில் சுட்டுக் கொன்றார்கள்.

எல்லையின் அந்தப் பக்கமும் சுத்தமில்லை. 1938 ஓகஸ்டில் விசா இல்லாத அகதிகளுக்குச் சுவிஸ் கதவை மூடியது. ஜேர்மனியோடு பேசி, அக்டோபரில் யூதர்களின் கடவுச்சீட்டில் சிவப்பு 'ஜே' எழுத்து பதிக்கப்பட வழி செய்தது. கொன்ஸ்ரன்ஸின் யூத ஆலயத்தை அந்த நவம்பரில் அழித்தார்கள். 1940 அக்டோபர் 22இல் இங்கிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட யூதர்களை ரயிலேற்றிப் பிரான்சின் தெற்கே கூர்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். சுவிஸ் மண் நடந்துபோகும் தூரத்தில்தான் இருந்தது. அவர்களின் பெயர்கள் நடைபாதைகளில் சிறு பித்தளைக் கற்களாகப் பதிந்திருக்கின்றன.

இதே ஏரியின் சுவிஸ் கரையிலுள்ள சென்ற் காலன் மாநிலத்துப் பொலிஸ் தலைவர் பவுல் குறுனிங்கர் செய்தது சின்ன வேலை. எல்லை மூடிய பிறகு வந்தவர்களின் படிவங்களில், மூடும் முன் வந்ததாகத் திகதியை மாற்றிப் போட்டார். அப்படிப் பல நூறு பேராவது உள்ளே வந்தார்கள். 1939இல் வேலை போனது; 1940இல் நீதிமன்றம் ஆவண மோசடி என்று தண்டித்தது. வறுமையில் வாழ்ந்து 1972இல் இறந்தார். அந்தத் தீர்ப்பு ரத்தானது 1995இல். கொன்ஸ்ரன்ஸ் சங்கமும் நடந்ததற்கு ஏற்றபடி பின்னாலிருந்துதான் எழுதியது. இவரும் பின்னாலிருந்துதான் எழுதினார்.

ஏரிக்கரையில் இரு ஊர்களையும் பிரித்த வேலியை 2006இல் அகற்றி, அந்தக் கோட்டில் 22 உலோகச் சிற்பங்களை நிறுத்தியிருக்கிறார்கள். 2020 வசந்தத்தில் கொரோனாவுக்காக அதே இடத்தில் திரும்பவும் வேலி வந்தது. காதலர்கள் வேலிக்கு இரு புறமும் நின்று கைகோத்ததால், தொடமுடியாதபடி சற்றுத் தள்ளி இரண்டாவது வேலியும் போட்டார்கள். மே மாதம் எடுத்துவிட்டார்கள். இப்போது சுங்கச் சாவடியில் ஒரு வரிசை மட்டும்தான் உண்டு: சனிக்கிழமைகளில் ஜேர்மன் கடைகளில் மலிவாகச் சாமான் வாங்கிய சுவிஸ்வாசிகள், வரியை மீளப்பெறும் பச்சைப் படிவத்தில் முத்திரை குத்துவிக்கக் காத்து நிற்கிறார்கள். நான் போன அன்று அந்த வரிசையில் தமிழும் கேட்டது. மரக்கறி எண்ணெயின் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.